பில்லில் இருக்கிறது இசிஜி, நெஞ்சில் வைக்கவே இல்லை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இருக்கிறவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். வீட்டில் நாற்பதைத் தாண்டிய பெண்கள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

போன மாசியில் சித்தப்பா மகள் கல்யாணம். பலகாரத்துக்கு ஆள் போட்டிருந்தாலும் மணகோலம் என்கிற இனிப்புக்குப் பாகுபதம் பார்ப்பது எங்கள் ஆத்தாதான், என் அம்மா. 61 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. அந்த வாரம் முழுக்க "என்னமோ அசதியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கார்த்திகைக்குக் கார்த்திகை குன்றக்குடி மலை ஏறுகிறவர், அந்த மாதம் பாதிப் படியில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டார். கல்யாண வேலை, தூக்கம் இல்லை, அதனால்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், விடியற்காலை நாலு மணி இருக்கும். ஆத்தா பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், வெறுந்தரையில் படுத்திருந்தார். கேட்டால், "புழுக்கமா இருக்குடி, கல்லு குளுகுளுன்னு இருக்கு" என்கிறார். மாசிப் பனியில் என்ன புழுக்கம்? எழுப்பி உட்கார வைத்தேன். முதுகு பட்டிருந்த இடம் ஆத்தங்குடிக் கல்லில் தோள்வரைக்கும் ஈர அச்சாகத் தெரிந்தது. ரவிக்கையைப் பிழியலாம் போல இருந்தது. நெஞ்சு வலிக்குதா என்று கேட்டேன், இல்லை என்றார். மேல்வயிற்றைப் பிசைகிறது, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் கட்டையை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது, தாடை கடுக்கிறது, இவ்வளவுதான். ஓமத் தண்ணீர் கொடுத்தோம், அதையும் வாந்தி எடுத்தார்.

காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அப்பச்சியும் (எங்கள் அப்பா) நானும் காரில் கொண்டுபோனோம். இரவுப் பணியில் இருந்த டாக்டர் நாடி பிடித்தார், பிரஷர் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். "கல்யாண வீடா? எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கல, கேஸ்தான். பொம்பளைங்களுக்கு டென்ஷன்ல இப்படி வரும்" என்றார். ஒரு இசிஜி எடுத்துவிடலாமா சார் என்று நான் கேட்டேன். "நெஞ்சுவலியே இல்லைங்கிறாங்க, எதுக்கும்மா?" என்றார். வாந்திக்கு ஓர் ஊசி, கேஸுக்கு ஓர் ஊசி, ஒரு பாட்டில் ட்ரிப்ஸ். ஏழு மணிக்கு அனுப்பிவிட்டார்கள். பில் 2,150 ரூபாய். பார்க்காமலே மடித்துப் பையில் வைத்தேன்.

பதினோரு மணிக்கு ஆத்தா குளியலறைக் கதவைப் பிடித்தபடியே சரிந்தார். இந்தத் தடவை 108ஐக் கூப்பிட்டோம். அரசு மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சரை விட்டு இறக்குவதற்கு முன்பே இசிஜி எடுத்தார்கள். இதயத்தின் கீழ்ச்சுவரில் அட்டாக், ஆரம்பித்துப் பல மணி நேரம் ஆகியிருக்கும் என்றார்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் கொடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஆஞ்சியோ, ஸ்டென்ட்.

மதுரையில் டாக்டர், "விடியற்காலை எடுத்த இசிஜி இருக்கா? ஒப்பிட்டுப் பார்க்கணும்" என்றார். எடுக்கவே இல்லை சார் என்று சொல்லிப் பையில் இருந்த பில்லை நீட்டினேன். அவர் மூன்றாவது வரியில் விரலை வைத்தார். இசிஜி, 350 ரூபாய். ஆத்தாவின் உடம்பில் ஒரு கம்பிகூட ஒட்டவில்லை, நான் பக்கத்திலேயேதான் நின்றேன்.

இதயத்தின் கீழ்ப்பக்கம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் நின்றால் மேல்வயிற்று வலி, குமட்டல், வாந்தி என்று அப்படியே வாயுத் தொல்லை மாதிரி வரும். பெண்களுக்கும் நெஞ்சில் இறுக்கம், பாரம் வருவதுதான் அதிகம். ஆனால் மூச்சு வாங்குவது, முதுகு, கழுத்து, தாடை, கை வலிப்பது, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத அசதி, இவை ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வரும். அசதியும் தூக்கமின்மையும் சில நாள், சில வாரம் முன்பே தொடங்கிவிடுவதும் உண்டு. நீண்டகாலச் சர்க்கரை நரம்பைப் பாதித்திருந்தால் வலியே தெரியாமலும் போகலாம். எங்கள் ஆத்தாவுக்கு இதில் பாதி இருந்தது. வலிக்குதா என்று மட்டும் கேட்டது என் தப்பு. பாரமா இருக்கா, இறுக்குதா, மூச்சு முட்டுதா என்று நம் பெண்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

இப்படிப்பட்ட அறிகுறியோடு போனால் 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பதுதான் மருத்துவ நெறிமுறை. முதல் இசிஜி சரியாக இருந்தாலும் அதை வைத்து மட்டும் வீட்டுக்கு வராதீர்கள். திரும்ப எடுக்கச் சொல்லுங்கள், இதயத் தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் விட்டு இன்னொரு தடவையும் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் அதையும் மறக்காதீர்கள். 2023ல் வந்த தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் அட்டாக்குக்கான முதல் வேளை மாத்திரைகளை அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள். காரில் போகாமல் 108ல் போவது நல்லது, வழியில் இதயம் நின்றால் காரில் ஒன்றும் செய்ய முடியாது. அன்று விடியற்காலை நாங்கள் காரில் போனதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

ஆத்தா வீட்டுக்கு வந்துவிட்டார். எக்கோவில் இதயத்தின் பம்பிங் 40 சதவீதம். 55க்கு மேல் இருக்க வேண்டியது. அந்த ஏழு மணி நேரத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

பில்லை எடுத்துக்கொண்டு அந்த மருத்துவமனைக்குப் போனேன். கம்ப்யூட்டர் தப்பு என்று சொல்லி 350 ரூபாயைக் கவுண்டரில் எடுத்து வைத்தார்கள். வாங்கவில்லை. சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுத்தில் கேட்டேன். நோயாளி தரப்பில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். வந்த நகலில் இசிஜி தாள் இல்லை. அதையும் பில்லையும் சேர்த்து மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு மனு கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடத்துக்குள் போகலாம், அதற்கும் வக்கீலைப் பார்த்துவிட்டோம்.

பில்லும் சரி, இசிஜி தாளும் சரி, வெப்பத்தில் அச்சாகிற காகிதம். வாங்கிய கையோடு போட்டோ எடுத்துவிடுங்கள். என்னிடம் இருக்கும் பில்லில் அந்த மூன்றாவது வரி இப்போதே மங்க ஆரம்பித்துவிட்டது.