4 ஜிபி பழைய கம்ப்யூட்டர்: ரேம் போடுவதா, எஸ்எஸ்டி போடுவதா?

தண்டையார்பேட்டை அக்கா வீட்டு கம்ப்யூட்டர் 2012-ல் வாங்கியது. ஐ3-2100 பிராசஸர், எச்61 மதர்போர்டு, ஒற்றை 4 ஜிபி ரேம் (டிடிஆர்3 என்ற பழைய ரகம்). "டீ போட்டு எடுத்துனு வர்றதுக்குள்ள கூட தொறக்க மாட்டேங்குதுடா, தூக்கிப் போட்டுடலாமா?" என்றாள். அவள் அதில் டேலி (விண்டோஸில் ஓடும் கணக்கு மென்பொருள்) போடுகிறாள், பையன் யூடியூப் பார்க்கிறான். அவ்வளவுதான் வேலை.

கடைக்குக் கிளம்பும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். மெமரி 90 சதவீதத்துக்கு மேல், டிஸ்க் 100. மெமரி என்பது ரேம்தான், அதில் இடம் இல்லாதபோது விண்டோஸ் மிச்சத்தை ஹார்டு டிஸ்கில் வைத்து வைத்து எடுக்கும். அதனால்தான் இரண்டும் சேர்ந்து திணறுகின்றன. உங்கள் வீட்டில் மெமரி பாதியில் நின்று டிஸ்க் மட்டும் 100 காட்டினால், ரேம் வாங்கும் காசு தண்டம். நேரே எஸ்எஸ்டிக்கு, அதாவது சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்குக்குப் போங்கள். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டாலும் அது எடுத்துக்கொள்ளாது. முதலில் 64 பிட்டுக்கு மாற வேண்டும்.

எங்களுக்கு இருந்த வழிகள் மூன்று. இன்னொரு 4 ஜிபி போட்டு எட்டாக்குவது ஒன்று. ஸ்லாட் இரண்டுதான், இரண்டிலும் ஒரே அளவு இருந்தால் டூயல் சேனலில், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்து வேகமாக ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்த மாதிரி மெஷினில் படம் காட்டவும் ரேமிலிருந்துதான் இடம் போகிறது, ஆகவே அது நல்லது. ரேமில் வேகம் 1600 என்று எழுதியிருந்தாலும் இந்த பிராசஸரில் 1333-ல்தான் ஓடும், அதற்காக அதிகக் காசு கொடுக்க வேண்டாம். 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கிடைத்தாலும் பெரும்பாலும் இதில் ஓடிவிடும்.

அடுத்தது இரண்டு 8 ஜிபி போட்டு 16 ஆக்குவது. இந்த போர்டுக்கு உச்சவரம்பு அதுதான். இருக்கிற 4 ஜிபி வீண். அதைவிட எனக்கு உறுத்தியது வேறு: நாளைக்குப் புது மெஷின் வாங்கினால் டிடிஆர்3 அதில் பொருந்தாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. சாட்டா (டிஸ்கை போர்டில் இணைக்கும் முறை) எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். டேலிக்கு 16 எதற்கு?

மூன்றாவது, அந்த எஸ்எஸ்டி. எச்61-ல் பழைய சாட்டா 2 போர்ட்தான், முழு வேகம் வராது. வராவிட்டால் என்ன, சுற்றும் தட்டில் இங்கும் அங்கும் தேடுகிற வேலை போய்விடுகிறதே! பூட் ஆகும்போதே வித்தியாசம் தெரியும்.

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெரு நடக்கிற தூரம். போய் விலை மலிவாக ஒரு 4 ஜிபி வாங்கி வந்து மாட்டினேன். பீப் பீப் என்று கத்தல், திரையில் ஒன்றுமில்லை. அது ஏஎம்டி போர்டுக்கு மட்டும் ஓடுகிற ரகம். சிப் அமைப்பு வேறு, இன்டெல் போர்டுக்குப் புரியாது. கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். வாங்கும்போதே "இன்டெல் எச்61-ல் ஓடுமா" என்று கேட்டு, மாற்றித் தருவதாக பில்லில் எழுதி வாங்குங்கள்.

மாற்றி வாங்கிய ரேமும் முதலில் எடுக்கவில்லை. கடல் காற்று அடிக்கிற வீடு, ஏற்கெனவே இருந்த ரேமின் தங்கக் கால்களில் கறை படிந்திருந்தது. பள்ளிப்பிள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டியதும் எழுந்துவிட்டது.

கடைசியில் 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி, போட்டோக்களுக்குப் பழைய ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 இந்த பிராசஸரை ஏற்பதில்லை. சரியென்று விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே அக்கா போன்: "என் டேலி எங்கடா?"