ஐந்து போகம் ஹியூமிக் போட்டுப் பார்த்தேன்

கோபிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வயல், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். ஐந்து போகமாக நெல்லுக்கு ஹியூமிக் அமிலம் போடுகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது உரம் இல்லை. 'இதைப் போட்டால் யூரியா பாதி போதும்' என்று கடையில் சொன்னதை நம்பி, முதல் போகத்தில் யூரியாவைக் குறைத்தேன். நட்ட முப்பதாம் நாள் வயல் வெளிறிப்போய் நின்றது. அப்புறம் ஓடிப்போய் மேலுரம் போட்டேன்.

நெய்வேலியில் தோண்டுகிறார்களே, அந்த மாதிரிப் பழுப்பு நிலக்கரியைக் காரத்தில் கரைத்துப் பிரிப்பதுதான் ஹியூமிக். கடையில் கருப்புச் செதிலாகக் கிடைப்பது பொட்டாசியம் ஹியூமேட். அதில் தழைச்சத்து சொற்பம். நாம் போடும் சத்தை மண்ணில் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை.

எங்கள் மண் கொஞ்சம் களர் வாடை உள்ளது, துத்தநாகக் குறை வரும். இரண்டாம் போகத்தில் வேலை மிச்சம் என்று நினைத்து ஜிங்க் சல்பேட்டையும் ஹியூமிக்கையும் ஒரே டிரம்மில் கரைத்துவிட்டேன். மருந்தடிக்க வந்தவர் குச்சியால் கலக்கிப் பார்த்து, "ஏனுங்க, பாலு திரிஞ்சாப்பல ஆயிப்போச்சுங்களே" என்றார். எட்டிப் பார்த்தால் அடியில் கருப்புக் கட்டிகள், மேலே தெளிந்த தண்ணீர். துத்தநாகம், சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்தால் ஹியூமிக் இப்படித்தான் திரிந்து படியும். கைத்தெளிப்பான் மூக்கைக் கழுவவே அரை நாள் போனது. இப்போது ஜிங்க் சல்பேட்டை ஏக்கருக்கு 10 கிலோ மணலோடு கலந்து நடவுக்கு முன்பே வீசிவிடுகிறேன். நட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஹியூமிக் செதில் ஒரு கிலோவை முந்தின ராத்திரியே ஊறவைத்து மடையில் சொட்டவிடுகிறேன்.

நன்றாகத் தெரிந்தது நாற்றங்காலில்தான். பிடுங்கும்போது வேர் அறுபடாமல், வெள்ளையாக, கொத்தாக வந்தது. நட்ட பிறகு பச்சை கட்டுவதும் இரண்டு நாள் முன்னதாகவே.

மேக்கால் வயலுக்கு மட்டும் போடாமல் விட்டு வைத்திருந்தேன். மூன்றாம் போகத்தில் போட்ட பக்கம் ஒன்றரை மூட்டை கூட வந்தது, செலவு போக மிச்சம் பெரிதாக இல்லை. நான்காவதில் இரண்டு பக்கமும் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதேன். வித்தியாசமே இல்லை! மாமனார் சிரித்தார்: "ரெண்டு ராத்திரி ஆட்டுப்பட்டி போட்டாப் போதும், காசைத் தண்ணில கரைக்கறீங்க மாப்ள."

வாங்குகிறவர்கள் ஒரு டம்ளர் தண்ணீரில் சிட்டிகை கரைத்து, எலுமிச்சைச் சாறு தாராளமாகப் பிழிந்து பாருங்கள். ஹியூமிக் புளிப்பில் கரையாது, திரிந்து அடியில் இறங்கும். கரும்புப் பாகோ சாயமோ கலந்த சரக்கு என்றால் தண்ணீர் அப்படியே கருப்பாக நிற்கும்.

இந்தப் போகம் தக்கைப்பூண்டு விதைக்க நாள் போதவில்லை. ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன், நாற்றங்காலுக்கும் மேட்டு வயலுக்கும் மட்டும்.