பேஸ்மென்ட்டில் பீர் காய்ச்ச க்ளவுட்லைன் டி6 போதுமா?

ஏசி இன்ஃபினிட்டியின் க்ளவுட்லைன் டி6 ஒரு ஆறு அங்குல டக்ட் ஃபேன், அதாவது காற்றுக்குழாயின் நடுவே பொருத்தி காற்றை வெளியே இழுக்கும் விசிறி. பேஸ்மென்ட்டில் மின்சாரக் கெட்டில் வைத்து ஒரு தடவைக்கு 20 லிட்டர் பீர் காய்ச்சுபவர்களுக்கு ஏற்ற அளவு. ஆனால் நீராவி வெளியே போகுமா என்பதைத் தீர்மானிப்பது, அதை நீங்கள் பொருத்தும் விதம்தான்.

ஒரு கிலோ கொதிநீர் ஆவியாக 2257 கிலோஜூல் வேண்டும். 3500 வாட் ஹீட்டரை முழுதாக விட்டால் மணிக்கு ஐந்தரை லிட்டர் வரை ஆவியாகும். அத்தனையும் சுவரில் படிந்தால் பூஞ்சணம்தான். வாட்டை 17.6-ஆல் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை இழுக்க வேண்டும் என்பது கிடைக்கும்: 3500-க்குச் சுமார் 200, 5500-க்கு 312. டி6-க்கு நிறுவனம் தரும் எண் 402. அது குழாய் மாட்டாத நிலைக்கு. ஹூட் (கெட்டிலுக்கு மேலே ஆவியைப் பிடிக்கும் கூண்டு), வளைவுகள், வெளிமூடி எல்லாம் சேர்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 3500 வாட்டுக்குத் தாராளம். 5500 என்றால் எட்டு அங்குலத்துக்குப் போய்விடுங்கள். நெளிநெளியான ஃபாயில் குழாய் வேண்டாம், வழவழப்பான தகரக் குழாயே நல்லது.

மின்னணு முறையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈசி (EC) மோட்டார் என்பதால் வேகத்தைக் குறைத்தாலும் ரீங்காரம் இல்லை. சாதாரண ஃபேனை டிம்மரில் ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஃபேனுடன் வரும் ஈரப்பத சென்சாரை ஹூட்டுக்குள் தொங்கவிடாதீர்கள். நனைந்து நூறிலேயே நிற்கும். அறைச் சுவரில் மாட்டுங்கள். கொதிக்கும்போது கையால் முழு வேகம் வையுங்கள், ஆட்டோவை அறை காய்வதற்கு மட்டும் விடுங்கள்.

இதன் பெரிய குறை, உள்ளே சேரும் நீர் வடிய வழியில்லாதது. ஐபி44 தரம் தெறிக்கும் நீரைத் தாங்கும். தேங்கும் நீரை அல்ல. குளிர்ந்த குழாயில் ஆவி துளித்துளியாகத் திரண்டு, ஃபேன் வழியாகத் திரும்பி ஹூட்டில் இறங்கும். அந்தத் துளியில் டிஎம்எஸ் (டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம்) இருக்கும். கெட்டிலில் விழுந்தால் பீரில் வேகவைத்த மக்காச்சோள வாசம் வரும். அதனால் ஹூட்டின் உள்விளிம்பில் ஓர் அங்குலக் கால்வாய் அவசியம். ஃபேனுக்குப் பிறகு வரும் குழாய் வெளிப்பக்கமாக மீட்டருக்கு 2 செ.மீ. சரிவாக இருக்கட்டும். இணைப்புகளில் மேலேயுள்ள குழாயின் முனை கீழேயுள்ளதற்குள் நுழைய வேண்டும். மாற்றிச் செருகினால் ஒவ்வொரு மூட்டிலும் ஒழுகும். குளிர்ந்த இடத்தைக் கடக்கும் பகுதிக்கு இன்சுலேஷன் சுற்றுங்கள்.

வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தாக வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தால் ஃபேன் சுழலும், ஆவியோ ஹூட்டுக்கு அடியிலிருந்து அறைக்குள் வழியும். அதைவிட மோசம், கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகைபோக்கி வழியாகக் கார்பன் மோனாக்சைடு உள்ளே இழுக்கப்படலாம். கெட்டிலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜன்னலைத் திறந்து, ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, அந்த கேஸ் வாட்டர் ஹீட்டர் எரியும்போது அதன் புகைக்குழாய் வாயருகே ஊதுவத்தியைப் பிடியுங்கள். புகை குழாய்க்குள் போனால் சரி. அறைக்குள் திரும்பித் தள்ளினால் ஃபேனை உடனே நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் எப்படியும் இருக்கட்டும். எந்த ஃபேன் மாட்டினாலும் பேஸ்மென்ட்டில் புரொபேன் அடுப்பு கூடவே கூடாது.

கார்பன் டை ஆக்சைடுக்கு டி6-ஐ நம்பாதீர்கள். 20 லிட்டர் நொதிக்கும்போது வருவது சுமார் 400 லிட்டர் வாயு, அதுவும் பல நாட்களில். ஆபத்து, பீரில் வாயு ஏற்ற வைத்திருக்கும் சிலிண்டரில்தான். 2.3 கிலோ சிலிண்டர் முழுதும் கசிந்தால் சுமார் 1200 லிட்டர். 60 கன மீட்டர் அறையில் அது 2 சதவீதம். எட்டு மணி நேர வேலைக்கான வரம்பே அரை சதவீதம். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் தனி டிடெக்டர் வையுங்கள்.

சுவரில் துளை போட வழியில்லாதவர்களுக்கு இந்த ஃபேனே தேவையில்லை. நீர் பீய்ச்சி ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சர் மூடி, மணிக்கு 20 முதல் 25 லிட்டர் தண்ணீரில் வேலையை முடித்துவிடும்.