சிட்னித் துறைமுகப் பழம்படங்கள் வாங்குவோர் கவனத்திற்கு

சிட்னித் துறைமுகத்தில் நடந்த பதினெட்டடிப் பாய்மரப் படகுப் பந்தயங்களின் பழைய புகைப்படங்களைச் சில ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். கரையில் நிற்பவர்களும் எந்தப் படகு முந்துகிறது என்று அறிய வேண்டும் என்பதற்காக, 1891இல் மார்க் ஃபாய் தொடங்கிய சங்கத்தின் படகுகள் பாயிலேயே பெரிய சின்னம் தாங்கி ஓடின. அந்தச் சின்னத்தின் மீதுள்ள மோகமே என் பணத்துக்கு வினையாயிற்று.

சென்ற மாதம் இணைய விற்பனையாளர் ஒருவரிடம், '1925ஆம் ஆண்டின் அசல் அச்சு', அதாவது அக்காலத்திலேயே தாளில் அச்சிட்ட படம், என்ற விளம்பரத்தை நம்பி, 380 டாலர் கொடுத்து ஒரு படம் வாங்கினேன். வந்த படத்தின் இடது ஓரத்தில், பாய்க்குப் பின்னால், துறைமுகப் பாலத்தின் வளைவு முழுமையாக நின்றது. இரு கரைகளிலிருந்தும் எழுப்பப்பட்ட அந்த வளைவு நடுவில் கூடியதே 1930 ஆகஸ்டில்தான். பாலம் திறக்கப்பட்டது 1932 மார்ச்சில். விளம்பரத்தில் அந்த ஓரம் மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

ஆண்டைத் தவறாகக் குறிப்பது யாருக்கும் நேரலாம் என்று சட்டகத்தைக் கழற்றிப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தேன். வெள்ளி உப்புப் பூசிய தாளில் எடுத்த பழைய அச்சில் சாம்பல் நிறம் இழைந்து பரவியிருக்கும். இதிலோ நீலமும் சிவப்புமாக மைப்புள்ளிகள் தெரிந்தன. புறஊதா விளக்கின் கீழ் தாள் வெளிர்நீலமாக ஒளிர்ந்தது. அப்படி ஒளிரச் செய்யும் வேதிப்பொருள் புகைப்படத் தாள்களில் சேர்ந்தது 1950களில்தான்.

ஆஸ்திரேலியாவில் 1955க்கு முன் எடுத்த புகைப்படங்களுக்குப் பதிப்புரிமை இல்லை. தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் சிட்னிப் படகுகளைப் படமெடுத்த வில்லியம் ஹாலின் கண்ணாடித் தகட்டுப் படங்கள் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆகவே மறு அச்சு எடுப்பது குற்றமன்று. நேற்று அச்சிட்டதை நூற்றாண்டுப் பழமை என்று விற்பதே மோசடி.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "காட்சிதான் அசல், தாளைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லையே" என்று பதில் வந்தது. மறுநாள் விளம்பரத்திலிருந்து 'அச்சு' என்ற சொல்லும் மறைந்தது. முதலில் இருந்த பக்கத்தை நான் படமெடுத்து வைத்திருந்ததால் வங்கியில் முறையிட முடிந்தது. முடிவு இன்னும் வரவில்லை. வாங்க நினைப்பவர்கள் படத்தின் நான்கு ஓரங்களும் பின்புறமும் தெரியும்படி படம் அனுப்பச் சொல்லுங்கள், மழுப்பினால் விலகிவிடுங்கள். அதே படகின் படம் நேற்று மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது, இம்முறை 1927 என்ற ஆண்டுடன், இடது ஓரம் வெட்டப்பட்டு.