மொட்டைமாடி வெயிலில் 5 வருஷம்: எது தாங்கியது, எது உதிர்ந்தது

திருச்சியில் எங்கள் மொட்டைமாடியில் தோட்டம் போட்டு இந்தச் சித்திரையோடு 5 வருஷம். செடிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது பை, கயிறு, வலை பற்றி.

முதல் வருஷம் காசு மிச்சம் என்று பழைய உரச் சாக்குகளில் மண் நிரப்பினேன். பங்குனியில் வைத்தவை, ஆடி பிறப்பதற்குள் மேற்கு வெயில் படும் பக்கம் தொட்டாலே இழை இழையாக உதிர்ந்தன. நிழல் பக்கம் மட்டும் புதுசு போலவே இருந்தது. சாக்கு பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், வெயிலின் புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும். கீரை விதைத்த மண்ணில் அந்தத் துணுக்குகள் கலந்துபோயின. எவ்வளவு பொறுக்கியும் தீரவில்லை. இன்றும் மனசு உறுத்துகிறது.

அதிலிருந்து எதை வாங்கினாலும் இரண்டு துண்டு வெட்டுவேன். ஒன்று தண்ணீர்த் தொட்டியின் மேல், இன்னொன்று தேதி எழுதி பீரோவுக்குள். அக்னி நட்சத்திரமும் ஐப்பசி மழையும் கடந்ததும் இரண்டையும் மடித்து, இழுத்து, நகத்தால் கீறிப் பார்ப்பேன். அமெரிக்காவில் புளோரிடாவின் ஈர வெயிலிலும் அரிசோனாவின் வறண்ட வெயிலிலும் பெயின்ட், பிளாஸ்டிக் மாதிரிகளை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் காயவைத்துச் சோதிப்பதும் இந்த வழியில்தான்.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. என் நீலத் தார்ப்பாய் அவ்வளவாக மங்கவில்லை, ஆனால் மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது. பிவிசி குழாய் வெளுத்து மாவு பூத்தும் தண்ணீர் அழுத்தத்தைத் தாங்குகிறது. சுத்தியல் பட்டால்தான் தெறிக்கும். கனமும் கணக்கில்லை. இரண்டு கடைகளில் வாங்கிய செடிப் பைகளில் தடிமனானதுதான் முதலில் வெடித்தது.

கருப்பு ஜெயித்தது. பந்தல் கட்டிய வெள்ளை நைலான் டை (இழுத்துக் கட்டும் பட்டை) ஒரு கோடையிலேயே பட்டென்று ஒடிந்தது. கருப்பு டை நாலாவது வருஷத்திலும் இருக்கிறது. கருப்பு பாலிஎத்திலீன் தண்ணீர்க் குழாயில் சுமார் 2.5 சதவீதம் கரித்தூள் சேர்ப்பார்கள். புற ஊதாக் கதிரை அந்தத் தூள் மேற்பரப்பிலேயே வாங்கிக்கொள்கிறது, உள்ளே விடுவதில்லை.

தேங்காய்நார்க் கயிறு வெயிலுக்கு அசையவில்லை, இரண்டு மழைக்காலத்தில் மக்கிவிட்டது. அது மண்ணோடு மண்ணாகப் போகும் என்பதால் திரும்பவும் வாங்குகிறேன்.

நிழல்வலையில் ஒரு பாடம் கிடைத்தது. வலை நன்றாகவே இருக்க, ஓரம் தைத்த நூல் இற்று, ஆடிக் காற்றில் மொத்தமும் பறந்தது. துண்டு வெட்டும்போது தையலையும் சேர்த்து வெட்டுங்கள். இப்போது கருப்பு நூலால் மறுபடி தைத்திருக்கிறேன். அதிலும் ஒரு முழம் தொட்டி மேல் காய்கிறது.