பல்லிக்கு அஞ்சு ஸ்டார், கூட வந்த கிட்டுக்கு ஒண்ணு

மூணு மாசம் மண்டைய உடைச்சு கடைசில ஒரு லெப்பர்ட் கெக்கோவும் (புள்ளி போட்ட ஒரு வகை பல்லி) அதோட சேத்து "கம்ப்ளீட் பிகினர் கிட்"னு கடைல வச்சிருந்த செட்டும் வாங்குனேன், ஒரு வருஷம் ஓடிருச்சு, இப்ப ரிவ்யூ எழுதலாம்னு தோணுது. கிட்டுக்கு குடுத்த ஒரு ஸ்டார் கூட கண்ணாடி தொட்டி கீறலில்லாம வந்துச்சேன்னுதான்.

உண்மைய சொன்னா எனக்கு ஆசை பியர்டட் டிராகன்ங்குற தாடி வச்ச ஓணான் மேல. பகல்ல முழிச்சிருக்கும், முன்னங்கைய தூக்கி டாட்டா காட்டும், பாத்தாலே சிரிப்பு வரும். ஆனா அதுக்கு நாலடி நீள தொட்டி வேணும், குளிர்காயுற இடத்துல 40 டிகிரி பக்கம் சூடு இருக்கணும், மேல யூவிபி (வெயில்ல இருக்குற ஒரு வகை புற ஊதாக் கதிர்) டியூப் போடணும், அந்த டியூப் வெளிச்சம் குடுத்துட்டே இருந்தாலும் ஆறு மாசம் ஒரு வருஷத்துல யூவிபி குறைஞ்சு போயிரும், புதுசு மாத்தணும். ஜன்னலோரம் வெயில்ல வச்சா போதாதான்னா போதாது, கண்ணாடி யூவிபிய தடுத்திரும். கார்ன் ஸ்நேக் வளக்குறது ஈஸிதான், ஆனா செத்த எலிய ஃப்ரீசர்ல வச்சு எடுத்து போடணும், இத சொன்னப்ப அம்மா பாத்த பார்வைலயே அந்த பேச்சு முடிஞ்சிருச்சு. பச்சோந்தி தொட்டாலே டென்ஷனாகும், கிண்ணத்துல தண்ணி வச்சா பெரும்பாலும் கண்டுக்காது, இலைல சொட்டுறதத்தான் நக்கும், முதல் தடவை வளக்குறவங்களுக்கு வேண்டாம்.

கடைக்காரர் வேற சிவப்புக்காது ஆமைக்குட்டிய காட்டி "காசு சைஸ்தான் சார், சின்ன டப்பாவே போதும்"னு ஆரம்பிச்சாரு. வளந்தா ஓடு மட்டுமே கிட்டத்தட்ட ஒரு அடி வரும், 30 வருஷம் கூட இருக்கும், எந்த டப்பால வைக்குறது?

கெக்கோ எனக்கு செட்டாச்சு. எட்டு பத்து இஞ்ச்தான் வளரும், ராத்திரி நான் வேலை முடிச்சு வர்றப்பதான் அதுவும் முழிக்கும். வீட்டுப் பல்லி மாதிரி செவுத்துல ஏறாது, கால்ல ஒட்டுற பட்டை கிடையாது, ஆனா கண்ணுக்கு இமை இருக்கு, தூக்கத்துல நிஜமா கண்ண மூடும். சுவர்க்கோழிய போட்டா அப்படியே உறைஞ்சு நிப்பா, வால் நுனி மட்டும் கிடுகிடுன்னு ஆடும், அடுத்த செகண்ட் கால் ஒண்ணுதான் வாய்க்கு வெளிய தெரியும். (பொண்ணுதான். முட்டை இருந்த இடத்தோட சூட்டப் பொறுத்துதான் இதுங்கள்ல ஆணா பொண்ணான்னு முடிவாகும்.) வாங்குறப்ப வால் குண்டா இருக்கான்னு பாருங்க, கொழுப்ப அங்கதான் சேத்து வச்சிருக்கும். உங்க ஊர் சட்டத்துல அனுமதி இருக்கான்னும் அதுக்கு முன்னாடியே பாத்துருங்க.

இப்ப கிட். தொட்டிய சூடாக்குற ஹீட் மேட் இருக்கு, அந்த சூட்ட அளவோட நிறுத்துற தெர்மோஸ்டாட் இல்ல. கண்ணாடில மேல ஒட்டுற மாதிரி ஒரு முள்ளு தெர்மாமீட்டர், அது பாட்டுக்கு 28னு காட்டிட்டே இருந்துச்சு. மொத வாரம் பூரா இவ சூடில்லாத பக்க மூலைலயே ஒண்டிக்கிட்டு கெடந்தா, புது இடம் பயப்படுறான்னு நெனச்சேன். அப்புறம் தனியா ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கி தொட்டில சூடான பக்கத் தரைல வச்சு பாத்தா 43! வயிறு படுற இடம் அது. தெர்மோஸ்டாட் வாங்கி 32ல வச்சப்புறம்தான் சூடான பக்கமே எட்டிப் பாத்தா.

ஒரு பை மண்ணு குடுத்திருந்தாங்க, இரைய கவ்வுறப்ப மண்ணும் உள்ள போய் குடல் அடைச்சிரும்னு தெரிஞ்சு தூக்கிப் போட்டு டிஷ்யூ பேப்பர் விரிச்சேன். ஒளியுற இடம் ஒண்ணே ஒண்ணு. ஈரமான டப்பா இல்லாததால சட்டை உரிக்குறப்ப ரெண்டு வெரல்ல தோல் மோதிரம் மாதிரி இறுகி நின்னுருச்சு, அப்படியே விட்டா ரத்த ஓட்டம் நின்னு வெரலே போயிரும். வெதுவெதுன்னு தண்ணில பத்து நிமிஷம் நிக்க வச்சு பஞ்சுக் குச்சியால மெதுவா உருட்டி எடுத்தேன், எனக்கு கை நடுங்குது, அவ என்னடான்னா உரிஞ்ச தோல திங்க பாக்குறா. அப்புறம் டிபன் டப்பால ஓட்ட போட்டு ஈரப்பாசி வச்சு குடுத்தேன், பிரச்சனையே இல்ல.

எலும்பு வளையாம இருக்க இரைல தூவுற கால்சியம் பவுடர் கிட்ல இல்ல, ஆனா பிளாஸ்டிக் பனமரம் இருக்கு. போய் கேட்டா "எல்லாரும் இததான் சார் வாங்கிட்டு போறாங்க"ன்னு பதில்.

குறைன்னா சுவர்க்கோழி ராத்திரி பூரா கத்தும், ரெண்டு தப்பிச்சு ஃபிரிட்ஜுக்கு பின்னாடி போயிருச்சுன்னா தூக்கம் போச்சு. தொட்டப்புறம் ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டு கை கழுவணும், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். 15, 20 வருஷம் வாழும்ங்குறதையும் யோசிச்சுக்கோங்க, காலேஜ் போறப்ப வாங்குனா கல்யாணத்துக்கு அப்புறமும் கூடவே இருக்கும்.

கிட்ல இப்ப மிச்சம் தொட்டியும் அந்த பனமரமும்தான். மரத்த தூக்கிப் போடலாம்னுதான் இருந்தேன், அதோட அடில தாடைய வச்சு தூங்குறது அவளுக்கு ஏனோ புடிச்சுப் போச்சு.