டெக்சஸ்ல எங்க பொண்ணு படிக்கிற பப்ளிக் ஹைஸ்கூல்: ஸ்கூலுக்கு நாலரை ஸ்டார், டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்கு மூணு

ஊர்ல இருந்து பெரிய பிள்ளைங்கள கூட்டிட்டு டெக்சஸ் வர்றவங்க எல்லாரும் மொதல்ல கேக்குறது ஸ்கூல் எப்படின்னுதான், அதான் எழுதுறேன். எங்க பொண்ணு தமிழ்நாட்டுல ஒன்பதாவது முடிச்சிட்டு வந்தா, இங்க பத்தாவதுல சேர்ந்தா, இப்ப பன்னெண்டாவது.

இங்க பப்ளிக் ஸ்கூல நடத்துறது ஐஎஸ்டின்னு சொல்ற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். அதுக்குன்னு தனி எலெக்‌ஷன், தனி ப்ராப்பர்ட்டி டாக்ஸ், ஜெயிச்சு வர்ற போர்டு மெம்பர்ஸுக்கு சம்பளமே கிடையாது. எந்த ஸ்கூல்ங்கறது உங்க அட்ரஸ வச்சுதான், ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனா வேற ஸ்கூல், சில இடத்துல டிஸ்ட்ரிக்டே வேற. அதனால லீஸ்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்ல அட்ரஸ போட்டு நீங்களே பாருங்க.

எனக்கு மனசு நொந்தது கணக்குலதான். நம்ம ஊர்ல அல்ஜீப்ரா, ஜியாமெட்ரி எல்லாம் ஒரே புக்ல வரும், இங்க வருஷத்துக்கு ஒண்ணு, அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2ன்னு. மார்க் ஷீட்ல வெறும் கணிதம்னு மட்டும் இருக்கவும், இது எந்த கோர்ஸுக்கு ஈடுன்னு தெரியலன்னு சொல்லி டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்ல அவள அல்ஜீப்ரா 1ல போட்டுட்டாங்க. ஆறு வாரம். ஒரு நாள் நோட்ட தொறந்து பாத்தா x + 5 = 12, அத அவ அழகா அடிக்கோடு போட்டு எழுதி வச்சிருக்கா, எனக்கு வயிறே எரிஞ்சுது. மெயில் போட்டா பதில் இல்ல, போன் பண்ணா வாய்ஸ்மெயில்.

வழி காட்டுனது ஸ்கூல் கவுன்சிலர்தான், பிள்ளைங்க எந்த கோர்ஸ் எடுக்கணும்னு ஆலோசனை சொல்றவங்க. எங்கள உக்கார வச்சு ஒரு பேப்பர்ல மூணு கட்டம் போட்டு, பத்து, பதினொண்ணு, பன்னெண்டுக்கு எந்த கணக்கு எப்ப வரணும்னு பென்சில்ல எழுதி காட்டுனாங்க. க்ரெடிட் பை எக்ஸாம்னு ஒண்ணு இருக்காம், அந்த பாடத்த ஏற்கனவே படிச்சிருந்தா 70 எடுத்தா போதும், படிக்காமலே எழுதுனா 80 வேணும், பாஸானா க்ரெடிட், அதாவது அந்த கோர்ஸ முடிச்ச கணக்கு, குடுத்துருவாங்க. அவ எழுதுனா, பாஸ் பண்ணா, ஜியாமெட்ரிக்கு போனா. இத டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்ல சேர்க்குற அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? கோர்ஸ் விஷயத்துல இவ்ளோ அடிச்சுக்கறதுக்கு காரணம் இருக்கு, கஷ்டமான கோர்ஸுக்கு ஜிபிஏங்கற மார்க் சராசரில வெயிட்டேஜ் அதிகம், அத வச்சுதான் ரேங்க், டாப் 10 சதவீதத்துல வந்தா டெக்சஸ் பப்ளிக் யுனிவர்சிட்டில ஆட்டோமேட்டிக் அட்மிஷன். ஆஸ்டின்ல இருக்கற டெக்சஸ் யுனிவர்சிட்டிக்கு மட்டும் அதுவும் பத்தாது, இன்னும் மேல வரணும்.

எங்க வீட்டுக்காரர் போர்டு மீட்டிங்குக்கே போய் பேசிட்டு வந்தாரு. யார் வேணா பேர் குடுத்துட்டு பேசலாம், மூணு நிமிஷம், எதிர்ல டைமர் ஓடும். அங்கயே யாரும் பதில் சொல்லல, ஆனா ரெண்டு நாள்ல டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு, அப்பதான் ட்ரான்ஸ்கிரிப்ட்ங்கற ஹைஸ்கூல் மார்க் ரெக்கார்டுல பாக்கி இருந்த சயின்ஸ் க்ரெடிட்டும் ஏறுச்சு.

டீச்சர்ஸ் பத்தி குறையே சொல்ல மாட்டேன். கெமிஸ்ட்ரி மிஸ் காலைல ஸ்கூல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டுடோரியலுக்கு கதவ தொறந்து வச்சிருப்பாங்க, இவளோட ஆக்சென்ட் புரியலன்னா பொறுமையா திரும்ப கேப்பாங்க, அதுலயே இவளுக்கு பாதி பயம் போச்சு. ஸ்கூல் பேண்ட் வாத்தியக் குழுல வேற சேர்ந்துட்டா, ஆகஸ்ட் வெயில்ல பார்க்கிங் லாட்ல கோடு போட்டு மார்ச்சிங் ப்ராக்டிஸ், தண்ணி ஜக்க தூக்கிட்டு நானும் போய் நிப்பேன்.

வர்றவங்க மார்க் ஷீட்டோட சிலபஸ் காப்பியும் வாங்கி, பழைய ஸ்கூல்ல சீல் வச்சு கொண்டு வாங்க, அத்தியாயம் பேரோட. தடுப்பூசி கார்டுல சிக்கன் பாக்ஸ், ஹெபடைடிஸ் ஏ ரெண்டு ரெண்டு டோஸ் இருக்கான்னும் பாத்துக்கோங்க, எங்களுக்கு அது இல்லாம சேர்க்கை ஒரு வாரம் தள்ளிப்போச்சு.